கையில் வாங்காத உப்பு

இன்னிக்கு சூப்பர் மார்க்கெட்டுல பில் போடுற பொண்ணு உப்பு பாக்கெட்டைக் கையில நீட்டுச்சு. "கீழ வைம்மா"ன்னேன். என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துட்டு, "நீங்களுமா ஆன்ட்டி?"ன்னு சிரிச்சுது.

எழுபதுகள்ல நாங்க குடும்பத்தோட மரக்காணத்தை விட்டு ஆப்பிரிக்காவுக்கு ஊழியத்துக்குக் கிளம்பின அன்னிக்கு, உப்பளத்துல வேலை பார்த்த பக்கத்து வீட்டு அஞ்சலை சித்தி துணியில முடிஞ்ச உப்போட வந்தாங்க. அம்மா கை நீட்டினாங்க.

"கையில குடுத்தா உறவு அறுந்துடும்க்கா"ன்னு சித்தி தரையில வச்சாங்க.

இதையெல்லாம் மூடநம்பிக்கைன்னு திட்டுற அம்மா, அன்னிக்கு குனிஞ்சு எடுத்து மடியில கட்டிக்கிட்டாங்க.

அங்க போயும் அம்மா யார்கிட்டயும் உப்பைக் கையில வாங்கினதில்ல. ஆப்பிரிக்காவுல அம்மா யாரை மனந்திருப்பினாங்களோ தெரியாது, அஞ்சலை சித்தி அம்மாவைத் திருப்பிட்டாங்க.

உங்க வீட்ல எப்படி, கையிலயா தரையிலயா?