பச்சைத் தண்ணீருக்கு உறை

புதுச்சத்திரத்தில் பஸ் பஞ்சர். கண்டக்டர் அரை மணி நேரமாகும் என்கிறார். இறங்கி, சாலையோர ஜவ்வரிசி ஆலையின் கழிவுநீர்க் குட்டைப் பக்கம் நடக்கிறேன். புளித்த மரவள்ளி நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொள்கிறேன். இடுப்புக் குடத்திலிருந்து பாசி கலந்த பச்சைத் தண்ணீரைக் குட்டையில் மெல்ல ஊற்றுகிறாள் ஒரு பெண். குட்டையைப் பார்த்துக்கொள்ளும் அவள் கணவர் தலைகுனிந்து நிற்கிறார்.

"இது எதுக்குங்க?"

"தயிருக்கு மாதிரி உறைங்க," என்று சிரிக்கிறாள். "ஆயுத பூசைக்கு எல்லாத்தையும் கழுவுன இவரு, குட்டைப் பாசியையும் சுத்தமா வழிச்சுப்போட்டுக் கரைக்கல்லுக்குச் சந்தனம் வெச்சாருங்க. மூணே நாள்ல தண்ணி கருத்து நாறிப்போச்சு. இந்தத் தண்ணியில கீழ வெள்ளாமை பண்றவங்க நாத்தம்னு வாய்க்கால அடைச்சா ஆலையே நின்னு போயிருமுங்க."

கணவர் முணுமுணுக்கிறார்: "கண்ணுக்குத் தெரியாத கிருமி அழுக்கைத் தின்னுதுங்க. அதுக்கு மூச்சு குடுக்கறது பாசி. கிருமி செரிச்சுப் போடறதுதான் பாசிக்குச் சோறு. ஆலை எஞ்சினீயரு சொல்லித்தான் தெரிஞ்சுதுங்க."

எட்டு நாளாக அவள் அடுத்த ஆலைக் குட்டையிலிருந்து குடம் குடமாகச் சுமக்கிறாளாம். கரையோரம் ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர் இளம்பச்சையாகியிருக்கிறது. குனிந்து பார்க்கிறேன். கடுகு போலக் குமிழிகள் மேலே வருகின்றன.

"மூச்சு உடுதுங்க," என்கிறாள், தொட்டிலை எட்டிப் பார்க்கிறவள் குரலில்.

அவர் இப்போதுதான் நிமிர்கிறார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சாமி. உங்க நெழல் உழுகுது. அதுக்கு வெயில் வேணும்."

பஸ் ஹாரன் அடிக்கிறது. மூவரும் வெயிலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறோம்.