கோபாலசாமி காட்டும் கேப் டவுன்

டீ வருவதற்குள் கோபாலசாமி ஃபோனை டிவியோடு இணைத்துவிடுவார். வந்தவர்கள் எழுந்திருக்க முடியாது. துபாய் கராமாவில் அவர் வீட்டுக்குப் போய்த் தென்னாப்பிரிக்காவைப் பார்க்காமல் திரும்பியவர் யாரும் இல்லை.

"இது டேபிள் மவுண்டன்" என்பார். திரையில் சாம்பல் நிற மேகம். "பின்னாடி இருக்கு. உச்சி மேஜை மாதிரி தட்டையா இருக்கும்." அடுத்து, ராபன் தீவுக்குப் படகு கிளம்பும் துறை. அலை அதிகம் என்று அன்றைக்குப் படகு போகவில்லை. அதனால் என்ன, துறை தெளிவாக விழுந்திருக்கிறது. பிறகு பெங்குவின். படத்தில் முக்கால் பங்கு கோபாலசாமியின் முகம். ஓரத்தில் பாதிப் பெங்குவின். அந்த ஊரில் அவர் முழுதாகப் பார்த்த ஒரே இடம் துறைமுகத்து மால். "நம்ம மால் மாதிரியேதான். பார்க்கிங்தான் கம்மி."

அங்கே ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நெடுநாளாக இருக்கிறார். பள்ளிக்கூடம் மூடும் ஜூலையில்தான் வெளிநாட்டுப் பயணம். ஜூலை என்றால் பூமி முழுக்க வெயில் என்று வளைகுடா அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. போன ஜூலையில் குடும்பத்தோடு அரைக்கைப் பருத்திச் சட்டையில் கேப் டவுனில் இறங்கினார். அங்கே குளிர்காலம். மலை உச்சிக்குப் போகும் கேபிள் காரையும் பராமரிப்புக்காக நிறுத்தியிருந்தார்கள். திரும்பி வந்து இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கட்டடத்தில் யார் டூர் போனாலும் அவரிடம்தான் யோசனை கேட்கிறார்கள். பதவி அப்படி.

சென்ற ஞாயிறு, கீழ்த்தளத்துப் பத்திநாதனும் மனைவி ரெஷ்மாவும் வந்திருந்தார்கள். அவன் டெக்னீஷியன், அவள் நர்ஸ். கல்யாணத்துக்குப் பிறகு இருவருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது இதுதான் முதல் தடவை. அந்த மலை உச்சியில் ஒருமுறை நிற்க வேண்டும் என்பது ரெஷ்மாவின் ஆசை.

"ஜூலைலதான் லீவு சார். நாளைக்கு டிக்கெட் போடணும். மலைக்கு மேல போயிரலாம்லா?" என்றான் பத்திநாதன்.

"தாராளமா. ஜூலைதான் பெஸ்ட்."

"மேல நின்னு எடுத்த போட்டோ ஒண்ணு காட்டுங்க சார்" என்றாள் ரெஷ்மா.

கோபாலசாமி விரலால் தள்ளிக்கொண்டே போனார். மால், மால், பெங்குவின், மால்.

டீத் தட்டோடு நின்றிருந்த அவர் மனைவி ஜெயபாரதிக்குப் பொறுக்கவில்லை. "மேல போயிருந்தாத்தானே போட்டோ இருக்கும்? சொல்லித் தொலைங்களேன். பாவம், லீவ மாத்த முடியுமான்னு ரெண்டு பேரும் கேட்டாவது பாப்பாங்க."

ரெஷ்மா கணவனைப் பார்த்தாள். யாரும் டீயை எடுக்கவில்லை.

கோபாலசாமி ஃபோனைக் கீழே வைத்தார். ஏசி ரிமோட்டை எடுத்துப் பதினாறுக்கு இறக்கினார்.

"அங்க ஜூலை இதுதான். கொஞ்ச நேரம் உக்காந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டார்.