இலையில் விழுந்த இரண்டாவது கரண்டி

முப்பத்தாறு வயதில் எனக்கு ஒரு வீட்டுப்பாடம் கிடைத்தது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஏதாவதொரு கடையில் உட்கார்ந்து வாழையிலைச் சாப்பாட்டை வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். கொடுத்தவர் பெட்டாலிங் ஜெயாவில் நான் பார்த்துவந்த மனநல ஆலோசகர். "தனியாப் போகாதீங்க" என்று, அங்கே வரும் இன்னொரு பெண்ணையும் துணைக்குச் சேர்த்துவிட்டார்.

நான் கிள்ளானில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். பல வருடங்களாகச் சோற்றைக் கரண்டி எண்ணிச் சாப்பிட்டுவந்தேன். கல்லூரி விடுதியில் ஆரம்பித்தது அது. என்ன படிப்பது, எங்கே தங்குவது, யாரோடு பேசுவது எல்லாவற்றையும் வீட்டில் முடிவு செய்தார்கள். என் வாய்க்குள் போவதை மட்டும் நான் முடிவு செய்தேன். மெலிந்ததும் தோழிகள் பாராட்டினார்கள். அந்த ருசி எந்தச் சாப்பாட்டிலும் இல்லை. பிறகு பாராட்டு நின்றது, பயம் நிற்கவில்லை. ஒரு தோசை கூடுதலாகிவிட்டால் அன்றைய பொழுதே பாழ்.

துணைக்கு வந்தவள் பூச்சோங்கில் தொழிற்சாலை பஸ் ஓட்டுபவள். என் வயதுதான். ஆட்களை இறக்கிவிட்டு, காலி பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து, நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்களை வயிறு வலிக்கும்வரை பிரித்துப் பிரித்துச் சாப்பிடுவாள். மறுநாள் வெட்கப்பட்டுப் பட்டினி கிடப்பாள். பட்டினி முற்றியதும் மறுபடி பொட்டலங்கள்.

"யாரும் பாக்கலன்னா அது சாப்பாடே இல்லன்னு மனசு சொல்லும் லா," என்றாள் முதல் சனிக்கிழமை, இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடி. "நீங்க எல்லாத்தையும் எண்றீங்க, நான் எதையும் எண்றதில்ல. நல்ல ஜோடி!"

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருந்த பரிமாறுபவர் இரண்டாவது கரண்டிச் சோற்றோடு குனிந்தார். என் கை தானாகப் போய் இலையை மூடியது.

"கைய எடுங்க. வீட்டுப்பாடம்," என்றாள் அவள். பிறகு அவரிடம், "அண்ணே, இவங்களுக்கு நெறய போடுங்க. எனக்கு மெதுவா போடுங்க."

"சோத்த எப்படிக்கா மெதுவா போடறது?" என்று அவர் கரண்டியோடு குழம்பி நின்றார்.

ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் கையை இலையோரம் வைத்துவிட்டுப் பேச வேண்டும் என்பது அவளுக்கான பாடம். அதனால் பஸ் கதைகள் வந்தன. ஒருநாள் கதவு சிக்கிக்கொண்டு, ஏறியிருந்த அத்தனை பேரும் அவள் சீட்டைத் தாண்டி டிரைவர் பக்கமாக இறங்கினார்களாம். "ஒவ்வொருத்தர் முட்டியும் ஹாரன்ல படுது. சத்தம் கேட்டு மேனேஜர் ஓடி வராரு, ஏதோ கல்யாண ஊர்வலம்னு நெனச்சு!"

நான் சிரித்ததில் ரசம் மூக்கில் ஏறிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் இலை காலி. எத்தனை வாய் என்று எனக்குத் தெரியவில்லை.

"இப்ப என்ன ஆகும்?" என்றேன்.

"தூக்கம் வரும்."

அவள் இலையில் கொஞ்சம் சோறு மீதி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வயிறு போதும்னு சொல்லுது. நெசமாவே சொல்லுது. இத்தன நாளா எங்க போயிருந்துச்சு இது?"

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. நான் மறுபடி எண்ணிய வாரங்கள் உண்டு. ஒரு மத்தியானம் கடையின் பின்னறையில், திறக்காத சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்திருந்தேன். அவளிடமிருந்து போன் வந்தது.

"கடைசி சீட்ல இருக்கேன். பக்கத்துல நாலு பொட்டலம். பேசிக்கிட்டே இரேன்."

"நீ ஒண்ணப் பிரி, நான் டப்பாவத் தொறக்கறேன்," என்றேன். "நீங்க" எப்போது "நீ" ஆனது என்று இருவரும் கவனிக்கவில்லை. அவள் ஒன்று சாப்பிட்டாள், நான் டப்பாவை முடித்தேன். மீதி மூன்றும் தொழிற்சாலைக் காவலாளிகளுக்குப் போயின.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கிள்ளானுக்குச் சாப்பிட வரச் சொன்னேன். காருக்குப் பதில் அந்தப் பெரிய பஸ்ஸையே ஓட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் வீட்டு வரிசைக்கு முன்னால் சந்து முழுக்க அடைத்துக்கொண்டது. நண்டுக் கறி வைத்திருந்த அம்மா, கரண்டியோடு வெளியே வந்து, "ஒரு ஆளுன்னுதானே சொன்ன?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

நாங்கள் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் வெளியே விடாமல் ஹாரன். பக்கத்து வீட்டு அங்கிள் காரை உள்ளே கொண்டுவர முடியவில்லை. கையெல்லாம் நண்டு மசாலாவோடு அவள் எழுந்தாள். அம்மா அவள் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு, வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "கார அங்கேயே போட்டுட்டு வாங்க அங்கிள், நண்டு சூடா இருக்கு!"

அவர் வந்தார். ஒரு தட்டு கூடியது. நான் இரண்டாவது தடவையாகச் சோறு போட்டுக்கொண்டேன்.