பார்லிக் கஞ்சி

தொண்ணூறுகளின் நடுவில் என் கணவர் நிமோனியா முற்றி, மைசூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். மிகப் பருமனான உடம்பு அவருக்கு. கட்டிலின் இரு பக்கக் கம்பிகளும் இடுப்பில் அழுந்தின. மூச்சுக்கு இயந்திரம். சாப்பாட்டுக்கு மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்.

அந்த மருத்துவமனையில் குழாய் உணவை வீட்டிலிருந்துதான் கொண்டுபோக வேண்டும். டாக்டர் என்னை உட்காரவைத்து, கன்னடமும் ஆங்கிலமுமாக விளக்கினார். இவ்வளவு உடம்பு இருக்கிறதே, சில நாள் பட்டினி கிடந்தால் என்ன என்று நினைக்கக் கூடாது. இத்தகைய நோயில் உடம்பு கொழுப்பை மட்டும் கரைக்காது, தசையையும் தின்னும். மூச்சு இழுப்பதும் தசைதான். மாவுச்சத்து அளவாக இருக்கட்டும், புரதம் குறையவே கூடாது.

வெந்த முட்டையின் வெள்ளைக்கரு, பாசிப்பருப்பு, கொழுப்பெடுத்த பால் பவுடர். மிக்ஸியில் அரைத்து மல் துணியில் இருமுறை வடிகட்டுவேன். ஒரு திப்பி நின்றாலும் குழாய் அடைத்துக்கொள்ளும். ஃபிளாஸ்கை அவருடைய அக்காவிடம் கொடுத்துவிட்டு அலுவலகம் போவேன். தாயில்லாத தம்பியை வளர்த்தவர். செய்தி கேட்டதும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். பகல் முழுவதும் அவர் அங்கே இருந்ததால்தான் என்னால் வேலைக்குப் போக முடிந்தது.

இயந்திரத்தை எடுத்துப் பார்த்தார்கள். அவரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை, திரும்பப் பொருத்தினார்கள். டாக்டர் போர்வையை விலக்கி, அவர் மேற்கையைத் தூக்கிக் காட்டினார். வயிறு அப்படியே இருந்தது. கையில் தோல் தொங்கியது.

"நான் சொன்னபடிதான் கொடுக்கிறீர்களா?" என்று என்னைக் கேட்டார்.

சில நாள் கழித்து காவிரிக்காக பந்த். அலுவலகம் இல்லை. மதியம் நடந்தே மருத்துவமனைக்குப் போனேன். வராந்தாக் கோடியில் பாத்திரம் கழுவும் தொட்டியருகே அக்கா என் ஃபிளாஸ்கைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தூக்கு.

"என்னக்கா இது?"

"பார்லிக் கஞ்சி. உடம்புச் சூடு தணியட்டும்."

"நான் செஞ்சு குடுத்தது?"

"காய்ச்சல்காரனுக்கு முட்டையும் பருப்பும் யாராவது குடுப்பாங்களா? நம்ம வீட்ல காய்ச்சல்னா லங்கணம்னு பட்டினிதானே போடுவோம். அவன் உடம்புல இல்லாத சத்தா உன் ஃபிளாஸ்க்ல இருக்கு?"

"டாக்டர் சொன்னாரேக்கா."

"டாக்டரா அவனை வளர்த்தாரு? சும்மா இரும்மா."

முதல் நாளிலிருந்தே இப்படித்தானாம், என்னுடையதைக் கொட்டிவிட்டு ஃபிளாஸ்கில் கஞ்சியை ஊற்றிக் கொடுப்பாராம். ஃபிளாஸ்கிலிருந்து வருவதை நர்ஸ் குழாயில் விட்டிருக்கிறார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அதன்பின் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு, நானே நர்ஸிடம் நேரில் கொடுத்தேன். டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். மெதுவாக, மிக மெதுவாக, அவருக்கு மூச்சு நிலைத்தது. இயந்திரம் போயிற்று. குழாயும் போயிற்று. குரல் திரும்பியதும் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்காக அவர் கோபமாக ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அக்கா காதுகிட்ட வந்து கேட்டா. கஞ்சியே ஊத்தச் சொல்லவா, இளைச்சு வெளியே வர்றியான்னு. தலையாட்டினேன்."

"மூச்சு விட முடியாமக் கிடந்தீங்க. அந்த டாக்டர் என்னைத்தான் சந்தேகப்பட்டாரு."

"நீ தட்டுல போட்டுக்கிட்டேதான் இருப்பே. நான் இளைக்கணும்னு நினைச்சவ அவ ஒருத்திதான்."

அவர் கேட்கக் கேட்கத்தான் நான் போட்டேன்.

டம்ளரில் ஆற்றி வைத்திருந்த முட்டை, பருப்புக் கரைசலை எடுத்தேன். வாங்கக் கை நீட்டினார். பாதி எழுந்த கை மடியில் விழுந்தது. நானே வாயருகே கொண்டுபோனேன். அவர் உதட்டை மூடிக்கொண்டு வாசலைப் பார்த்தார். அது அக்கா வரும் நேரம்.