பேருந்தின் இடப்புறச் சந்து

சென்ற ஆண்டு நவம்பர் மாதத்தின் முதல் வாரம். காலை ஒன்பது மணி கடந்திருந்தது. ஐதராபாத்தின் தென்கிழக்கே, காஞ்சன்பாக்கிலிருந்து சந்தோஷ்நகர் நோக்கிச் செல்லும் சாலையில், ஒரு பேருந்து நிறுத்தத்தில் நிகழ்ந்தது இது. இதனை எழுதுவதா வேண்டாமா என்று ஓராண்டு தயங்கினேன். பிறருடைய நற்செயல்களையும் தாம் உயிர்தப்பிய கதைகளையும் அன்பர்கள் பலர் எழுதக் கண்டிருக்கிறேன். என்னிடம் உள்ளது அத்தகையது அன்று.

நான் பாதுகாப்புத் துறைக்குப் பொருள் செய்யும் ஆலை ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பிறப்பால் திருநெல்வேலிக்காரன். இந்நகருக்கு வந்து நாற்பதாண்டுகள் ஆகியும் என் தமிழில் பிறமொழிச் சொல் கலவாமல் காத்து வந்தேன் என்பதில் எனக்குப் பெருமிதம் உண்டு. ஸ்கூட்டரை ‘ஈருருளி’ என்று நான் சொன்னால் நண்பர்கள் நகைப்பார்கள், நான் நகைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் எங்கள் தமிழன்பர் வட்டத்தில், யாரேனும் பேச்சினூடே இரண்டு தெலுங்குச் சொற்களைக் கலந்துவிட்டால் அவர் முடிக்கும்வரை காத்திருந்து திருத்துவேன்.

எங்கள் ஆலை வளாகத்தினுள் ஒரு விதி இருந்தது. பணியாளரை ஏற்றி வரும் பேருந்து நின்றால், அதன் பின்னால் வரும் எந்த வண்டியும் நகரலாகாது. வலப்புறமும் செல்லக்கூடாது, இடப்புறமும் செல்லக்கூடாது. கடைசி ஆள் இறங்கி நடைபாதை ஏறி, பேருந்து புறப்பட்ட பின்னரே மற்றவை அசையலாம். அந்த விதியை மூன்று மொழிகளில் பலகைகளில் எழுதி வைத்த குழுவில் நானும் ஒருவன். முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் அதனை மீறியதில்லை. ஆனால் மாலையில் வாயிற்கதவைத் தாண்டிய மறுகணமே, நகரப் பேருந்துகளின் இரு பக்கமும் கிடைத்த இடைவெளியில் எல்லாம் நுழைந்து சென்றவனும் நானே. உள்ளே காவலரின் ஊதல் இருந்தது, வெளியே இல்லை. வேறுபாடு அவ்வளவே. அது வேறுபாடு என்பதே அந்நாளில் எனக்குத் தோன்றவில்லை.

அன்று நான் விரைந்ததற்குக் காரணம் உண்டு. ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் நவம்பரில் வங்கிக்குச் சென்று, தாம் உயிருடன் இருப்பதாகச் சான்று அளிக்க வேண்டும். பத்து மணிக்குக் கதவு திறக்கும்போது வரிசையில் முதல் ஐந்து பேருக்குள் நிற்பது என் வழக்கம். ஈருருளியின் பின்னிருக்கையில் என் மனைவி. வீட்டில் பால் பொங்கிவிட்டதால் கால்மணி நேரம் தாமதம். அதற்கு யார் பொறுப்பு என்பது பற்றி வழிநெடுகச் சிறு வழக்கு.

நிறுத்தத்துக்கு முன்னால் நகரப் பேருந்து ஒன்று வேகம் குறைத்தது. பேருந்துக்கென ஒதுக்கிய இடத்தில் ஷேர் ஆட்டோக்கள் நான்கைந்து வரிசைகட்டி ஆள் கூவிக்கொண்டிருந்தன. பேருந்து ஒதுங்க வழியில்லை. இடப்பக்க விளக்கைச் சிமிட்டியபடி, சாலை ஓரத்திலிருந்து இரண்டு முழம் தள்ளி, ஆட்டோக்களைத் தாண்டி அது நின்றது. அதற்கும் நடைபாதைக்கும் இடையில் ஒரு சந்து. ஒரு வண்டி நுழையத்தக்க சந்து. எனக்கு முன்னால் இருவர் அதில் நுழைந்து மறைந்தனர்.

“எடது பக்கமா போவாதீங்க. ஆள் எறங்குதாங்க” என்றாள் என் மனைவி.

“தெரியும், பேசாமல் வா” என்றேன்.

இந்நகரப் பேருந்துகளில் பெண்கள் முன்வாயில் வழியாக ஏறி இறங்குவார்கள். பெண்களுக்குப் பயணச்சீட்டுக் கட்டணம் இல்லை என்றான பிறகு, காலை வேளையில் அந்த வாயில் பிதுங்கி வழியும். நான் பின்வாயிலைத் தாண்டினேன். ஒருவரும் இறங்கவில்லை. அந்தத் துணிவில் வேகத்தைச் சற்றே கூட்டியபோது, முன்வாயிலிலிருந்து ஓர் அம்மையார் கால் வைத்தார். நாற்பது வயதிருக்கும். தோளில் துணிப்பை. என் வண்டியின் கைப்பிடி அந்தப் பையின் வாரில் மாட்டி அவரைச் சுழற்றி இழுத்தது. இடக்கையை ஊன்றி நடைபாதைக் கல்லின் மீது விழுந்தார். பையிலிருந்த சோற்றுப் பாத்திரம் திறந்து உருண்டது. என் வண்டி பேருந்தின் உடலில் சாய்ந்து நின்றது. எங்கள் இருவருக்கும் ஒரு கீறலும் இல்லை.

அந்த அம்மையார் கூச்சலிடவில்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, நா செய்யி” என்று மெல்லத்தான் சொன்னார். ‘என் கை’ என்பது பொருள். மனைவி ஓடிச் சென்று அவரை நடைபாதையில் அமர்த்தி, அவருடைய துப்பட்டாவையே கிழித்துக் கையைக் கட்டினாள்.

கூட்டம் கூடியது. இங்கேதான் என் கதை தொடங்குகிறது என்று சொல்லவேண்டும். இதுவரை நிகழ்ந்தது பிழை. இதன் பின் நான் செய்தது பிழை அன்று.

நரைத்த தலையும் வெள்ளைச் சட்டையும் மூக்குக் கண்ணாடியுமாக நின்ற என்னை ஒருவரும் குற்றம் சாட்டவில்லை. ஓர் இளைஞர் என் வண்டியை நிமிர்த்தித் தந்தார். இன்னொருவர் தண்ணீர்ப் புட்டியை நீட்டினார். கூட்டத்தின் சினமெல்லாம் பேருந்தின் மீது திரும்பியது. “நடி ரோட்டு மீத ஆபுதாவா?” என்று ஓட்டுநரைக் கீழே இறக்கினார்கள். நடுச்சாலையில் நிறுத்துவாயா என்ற அந்தக் கேள்வியை ஆளுக்கொருமுறை கேட்டார்கள். ஆள் கூவிக்கொண்டிருந்த ஆட்டோக்கள் அதற்குள் எங்கோ போய்விட்டன. அவை நின்ற இடம் காலியாக, பேருந்து ஒதுங்குவதற்கு ஏற்றதாகக் கிடந்தது. அதைச் சுட்டிக்காட்டியே ஓட்டுநரை ஏசினார்கள்.

அவருக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். கூட்டத்துக்கு விடை சொல்லாமல் நேரே என்னிடம் வந்தார். வந்து தமிழில் பேசினார்.

“ஐயா, நீங்க தமிழா? அம்மா பேசுனது கேட்டுச்சு. நான் லாலாகுடா ஐயா. எங்க தாத்தா காலத்துலேர்ந்து ரயில்வே ஒர்க்‌ஷாப்பு. நான் இண்டிகேட்டர் போட்டுத்தானே நிறுத்துனேன், ஆட்டோ நின்னுச்சுல்ல, நீங்களே பாத்தீங்கள்ல? இது ஹையர் பஸ்ஸு ஐயா. கேஸ் ஆச்சுன்னா ஓனரு நாளைக்கே வேற ஆளப் போட்டுடுவாரு. கொஞ்சம் செப்புங்க ஐயா. கைக்கு சும்மா நிக்கிறீங்க?”

அதாவது, அது தனியாரிடம் வாடகைக்கு எடுத்து இயக்கப்படும் பேருந்து. அவர் உரிமையாளரின் ஆள். வழக்கு என்று ஒரு தாள் எழுதப்பட்டால் அவருடைய வேலை மறுநாளே முடியும். ‘கைக்கு’ என்பது இந்நகரத்து உருதுவில் ‘ஏன்’; ஏன் வாயடைத்து நிற்கிறீர் என்று கேட்கிறார். நான்கு மொழிகள் கலந்த அந்தப் பேச்சின் ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. என் ஒரு சொல் அவருக்குப் போதும் என்பதும் விளங்கியது.

நான் அவர் முகத்தைப் பார்க்காமல், தூய தெலுங்கில், “ஏமி செப்துன்னாவோ நாக்கு அர்த்தம் காலேது” என்றேன். நீ சொல்வது எனக்குப் புரியவில்லை என்றேன்.

அவர் ஒரு நொடி என்னையே பார்த்தார். பிறகு நடைபாதையில் அமர்ந்திருந்த என் மனைவியைப் பார்த்தார். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போக்குவரத்துக் காவலர் வந்தார். “பெத்தாயனா, தெப்ப தகிலிந்தா?” என்று என்னைத்தான் முதலில் நலம் கேட்டார், பெரியவரே அடிபட்டதா என்று. பிறகு நிகழ்ந்தது என்ன என்று வினவினார். நான் சொன்னேன்: “பேருந்து சாலையின் நடுவே நின்றது. அந்த அம்மையார் திடீரென்று இறங்கினார். அப்போது என் வண்டி அங்கே இருந்தது.” இதில் பொய் ஒன்றும் இல்லை. வண்டி அங்கே எப்படி வந்தது என்பது மட்டும் அதில் இல்லை. அறிக்கைகளும் விதிகளும் எழுதியே வாழ்ந்தவன் நான். இத்துணைக் கவனத்தோடு மூன்று வாக்கியங்களை அதற்கு முன் நான் அமைத்ததில்லை. காவலர் தலையசைத்து, ஓட்டுநரின் உரிமத்தை வாங்கித் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பேருந்தைக் காவல் நிலையத்துக்கு ஓட்டி வரச் சொன்னார்.

இதற்குள் ஓர் ஆட்டோ வந்தது. அடிபட்ட அம்மையாரை ஏற்றிவிட்டு என் மனைவியும் ஏறினாள். நானும் வருகிறேன் என்று அருகில் சென்றேன்.

“நீங்க எதுக்கு? நீங்க பேங்குக்குப் போங்க. உசுரோட இருக்கேன்னு கையெழுத்துப் போட்டுட்டு வாங்க” என்றாள்.

ஆட்டோ போய்விட்டது.

நான் வங்கிக்குத்தான் போனேன். இதனை மறைக்க விரும்பவில்லை. வரிசையில் பதினேழாவது ஆளாக நின்றேன். எனக்கு முன்னால் என்னோடு பணியாற்றிய நண்பர் ஒருவர், “என்ன சார், வீட்டம்மா வரலையா?” என்று வினவினார். மருத்துவமனைக்குப் போயிருப்பதாகச் சொன்னேன். பதறினார். நிகழ்ந்ததைக் கூறத் தொடங்கிய என் வாயிலிருந்து அதே வாக்கியங்கள், அதே வரிசையில் வந்தன. பேருந்து சாலையின் நடுவே நின்றது...

“இந்த பஸ்காரனுங்களே இப்படித்தான் சார். ஒருத்தன உள்ள தூக்கி வெச்சா மத்தவன் ஒழுங்கா ஓட்டுவான்” என்றார் நண்பர்.

அவர் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் காவலர் கேட்டபோது அச்சத்தால் அப்படிச் சொன்னேன் என்று அதுவரை என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். இங்கே அச்சுறுத்துவார் எவரும் இல்லை. எனக்கு முன் இன்னும் ஆறு பேர் இருக்கையில் வரிசையை விட்டு வெளியேறினேன்.

காவல் நிலையத்தின் முன் அந்தப் பேருந்து ஆளில்லாமல் நின்றது. உள்ளே மர இருக்கையில் ஓட்டுநர். அருகே கைப்பேசியில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தவர் பேருந்து உரிமையாளரின் ஆள் என்று பேச்சிலிருந்தே தெரிந்தது. நான் மேசைக்கு எதிரே நின்று, இடப்புறச் சந்தில் நுழைந்தது என் பிழை, மனைவி தடுத்தும் நுழைந்தேன், பேருந்து முறையாக விளக்கிட்டே நின்றது, ஒதுங்கும் இடத்தில் ஆட்டோக்கள் இருந்தன என்று சொன்னேன். காலையில் வந்த அதே காவலர் பேனாவைக் கீழே வைத்தார்.

“முந்தே செப்பொச்சு கதா, பெத்தாயனா?” முன்னமே சொல்லியிருக்கலாமே என்றார். கடிந்துகொள்ளவில்லை. அவருடைய குரலில் இருந்தது வியப்பு. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எழுதிக் கையொப்பமிட்டேன். என் மீது வழக்குப் பதிவாயிற்று. உரிமத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ஓட்டுநர் வெளியே வந்தார்.

படிக்கட்டில் அவரை நிறுத்தி, “தம்பி, நான் தமிழன்தான். நீங்கள் சொன்னது எல்லாம் எனக்குப் புரிந்தது. என்னை மன்னித்துவிடுங்கள்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். “பர்வாலேது சார்” என்றார். பரவாயில்லை என்பதைத் தெலுங்கில். சினம் இல்லை, குத்தலும் இல்லை. அறிமுகமில்லாத ஒரு பெரியவருக்குக் கொடுக்கும் மரியாதை மட்டும் இருந்தது. காலையில் ‘ஐயா’ என்றவருக்கு இப்போது நான் ‘சார்’. “வெள்தானு” என்று விடைபெற்றுப் பேருந்தில் ஏறினார். நான் தமிழில் தொடுத்த இன்னும் இரண்டு சொற்கள் இயந்திரத்தின் ஒலியில் கரைந்தன. அன்றைய பேருந்து நடைகள் தடைபட்டதற்காக ஒரு வாரம் அவருக்கு வண்டி தரப்படவில்லை என்று பின்னர் விசாரித்து அறிந்தேன். வேலை போகவில்லை. ஆனால் அந்த ஒரு வாரக் குற்றம் என்னுடையது.

அடிபட்ட அம்மையாருக்கு மணிக்கட்டு எலும்பில் விரிசல். பெண்கள் விடுதி ஒன்றில் சப்பாத்தி இடும் வேலை அவருக்கு. ஆறு வாரம் கட்டுடன் இருந்தார். அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டபோது, தாமும் பின்னால் பார்த்து இறங்கியிருக்க வேண்டும் என்று அவரே வருந்தினார். இறங்குபவர் பின்னால் பார்க்கத் தேவையில்லாதபடி வண்டி ஓட்டுவதே எங்கள் கடமை என்று அவருக்கு எப்படி விளக்குவது? பேருந்து நின்றுவிட்டால் அதன் இடப்புறம் சாலை அன்று. அது இறங்குவோரின் இடம். இதை அறியாதவனாக இருந்து தவறியிருந்தால் எனக்கு இத்தனை நாணம் இராது.

மனைவியிடம் அன்று மாலை கேட்டேன், நீ ஏன் காவலரிடம் உண்மையைச் சொல்லவில்லை என்று. “சொல்லியிருப்பேன். நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்” என்றாள். அதன் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. தமிழன்பர் வட்டத்தில் நான் எவரையும் திருத்துவதில்லை. காரணம் கேட்டவர்களுக்கு வயது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் பேருந்து நின்றால் அதன் பின்னால் நானும் நின்றுவிடுகிறேன். பின்னால் வருவோர் ஒலியெழுப்புகிறார்கள். “தாத்தா, ஜருகு!” என்று இளைஞர்கள் நகரச் சொல்லிக் கத்திவிட்டு அதே சந்தில் நுழைந்து போகிறார்கள். அந்தச் சில நொடிகள் நான் காத்திருப்பதை நற்பண்பு என்று எவரேனும் எண்ணினால் அது பிழை. பேருந்துக்குப் பின்னால் நிற்பவனுக்கு ஓட்டுநரின் முகம் தெரியாது என்பதில் எனக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது, அந்த ஆறுதலை எண்ணியும் நான் ஒவ்வொரு முறையும் நாணுகிறேன்.