சட்டியோடு விட்பிக்கு: கொழுப்பில்லாச் சிபாய் போன வழி

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, டிசம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மனித குலம் அதுவரை கண்டிராத ஒரு படையெடுப்பை நான் குடியிருந்த வெக்ஸ்போர்ட்டில் இருந்து ரயில் தூரத்தில் இருக்கும் விட்பி வரை நடத்தினேன். படையில் நான் ஒருவன்தான். ஆயுதம், பதினெட்டு றாத்தல் பாரமுள்ள ஒரு சட்டி. காரணம் மட்டும் விளையாட்டானது அல்ல.

லூசியன் என்னோடு ஒன்பது வருடம் பெட்டித் தொழிற்சாலையில் ஒரே மெஷினில் நின்றவர். கியூபெக்கில் பிறந்த பிரெஞ்சுக்காரர். அந்த இலையுதிர் காலத்தில் அவருக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தது. பிறகு விட்பியில் மகள் மிஷேலின் வீட்டில் இருந்தார். உப்பும் கொழுப்பும் இல்லாத சாப்பாட்டுத் தட்டைக் கண்டதும் தள்ளிவிடுவார். இருபத்தைந்து றாத்தல் இறங்கிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் சாப்பிடத் தொடங்காவிட்டால் திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கால் குழாய் விட வேண்டும் என்று டொக்டர் சொன்னதாக மிஷேல் போனில் அழுதாள். அவர் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: சிபாய்.

சிபாய் என்பது நத்தாருக்கு, கிறிஸ்மஸ் அன்று, அவர்கள் சமைக்கும் சாப்பாடு. பன்றி, மாடு, முயல், கோழி எல்லாவற்றையும் துண்டு துண்டாக வெட்டி, உருளைக்கிழங்கோடு அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே பன்றிக் கொழுப்பில் பிசைந்த மாவுத் தகடு வைத்து, ஆறு மணி நேரம் அவன் அடுப்பில் வேகவிடுவது. ஒரு துண்டு சாப்பிட்டால் ஒரு யானை ஏழு நாள் நித்திரை கொள்ளும். இதயம் வெட்டித் தைத்தவருக்கு அதைக் கொடுப்பது கொலை. ஆகவே லேசான சிபாய் செய்வதென்று முடிவெடுத்தேன்.

அடுத்த தடை என் வீடு. அது தினமும் பின்னேரம் கதை படித்து நோற்கும் பிள்ளையார் கதை விரதத்தின் பத்தொன்பதாம் நாள். இருபது வருடமாக மனைவி தனியே பிடித்த விரதம். அந்த வருடம்தான் நானும் கூடவே பிடிப்பதாக வாக்குக் கொடுத்து, வலது மணிக்கட்டில் இருபத்தோரிழை நூற்காப்புக் கட்டியிருந்தேன். இருபத்தொரு நாளும் வீட்டுக்குள் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வரக்கூடாது. மனைவி யோசித்துவிட்டு, கீழ்மாடியில் இருக்கும் அந்தோனிப்பிள்ளை அண்ணையிடம் போகச் சொன்னா. அவர் மன்னார்க் கத்தோலிக்கர். அவருடைய அவன் அடுப்புக்கு விரதம் இல்லை.

அதிகாலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டினோம். தோலுரித்த கோழி, வான்கோழி, முயல். மூன்று மாவுத் தகட்டுக்குப் பதில் மேலே ஒன்றே ஒன்று, அதுவும் எண்ணெயில் பிசைந்தது. எலும்புச் சாற்றை முதல் நாளே காய்ச்சிக் குளிரில் வைத்து, உறைந்த கொழுப்பை வழித்தெறிந்தோம். உப்பு இல்லை. கராம்பு, கறுவாப்பட்டை, மிளகு தாராளம். நான் வாயில் வைக்க முடியாதபடியால் அந்தோனிப்பிள்ளை அண்ணையே உருசி பார்த்தார். ஒரே ஒரு பிழை விட்டேன். பழக்க தோஷத்தில் இறைச்சி முழுவதையும் மஞ்சள் போட்டுக் கழுவிவிட்டேன்.

பதினொன்றுக்கு இறக்கி, இரண்டு குளியல் துவாயில் சுற்றி, பன்னிரண்டே காலுக்கு லோரன்ஸ் வீதியில் கிழக்கே போகும் பஸ் எடுத்தேன். இரண்டு டொலர். உள்ளே என்ன என்று டிரைவர் கேட்டார். ஒரு மனிதரின் உயிர் என்றேன். அவர் முன் சீட்டைக் காட்டினார். ரூஜ் ஹில் ரயில் நிலையத்துக்கு நாற்பது நிமிடம். அங்கிருந்து விட்பிக்கு ரயிலில் இருபத்திரண்டு நிமிடம், மூன்று டொலர் எழுபது சதம். வலப்பக்கம் ஏரி சாம்பல் நிறமாகக் கிடந்தது. மிஷேல் காரோடு நின்றாள்.

லூசியன் ஜன்னலோரக் கதிரையில் பாதியாகச் சுருங்கி இருந்தார். மிஷேல் ஒரு தட்டில் போட்டு வைத்தாள். அவர் கரண்டியால் மாவைத் தூக்கி உள்ளே பார்த்தார். அவருடைய ஆங்கிலத்தை என் தமிழில் தருகிறேன்.

"ஏன் உது மஞ்சளாக் கிடக்கு? நீ சாப்பிட்டுப் பார்த்தனியோ?"

"இல்லை."

"ஏன், நஞ்சோ?"

காப்பைக் காட்டி விளக்கினேன். அவர் கேட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

"அப்ப ரெண்டு பேரும் விரதம். எங்கட பக்கம் சிபாயைத் தனியச் சாப்பிடுறேல்லை. நீ சாப்பிட்டால் நானும் சாப்பிடுறன்."

மிஷேல் என்னைப் பார்த்தாள். நான் இன்னொரு தட்டுக் கேட்டேன். காப்புக் கட்டிய கையால் எடுக்க மனம் வராமல் இடக்கையால் கரண்டி பிடித்தேன். முதல் வாயைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். இரண்டாவது தானாக இறங்கியது. அவரும் தொடங்கினார். ஒரு தட்டுக்கு நாற்பது நிமிடம். உப்பில்லை, உப்பில்லை என்று ஒவ்வொரு வாய்க்கும் முறையிட்டபடியே முடித்தார்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: பயணத்துக்குக் கண்ணாடிச் சட்டி வேண்டாம். சாற்றைத் தனிப் போத்தலில் கொண்டு போய், போன இடத்தில் சூடாக்கி, மேல்மாவில் ஒரு துளையிட்டு ஊற்றுங்கள். மஞ்சளை மறந்துவிடுங்கள். மடியில் ஒரு தடித்த துணி அவசியம், என் தொடை இரண்டு கிழமை சிவந்திருந்தது.

திரும்பும் வழி முழுவதும் வீட்டில் சொல்லப்போகும் வசனத்தைத் திருத்திக்கொண்டே வந்தேன். ஆறரைக்கு வாசலில் நின்று, உள்ளே போகாமலே நடந்ததைச் சொன்னேன். மனைவி என் மணிக்கட்டைப் பார்த்தா.

"அந்த மனிசன் சாப்பிட்டவரோ?"

"ஒரு தட்டு."

"காப்பை அவிழ்க்க வேண்டாம். குளிச்சிட்டு வாங்கோ, இண்டைக்குக் கதை படிக்க நேரமாச்சு."