இரண்டு சைஸ் பெரிய ஷூ

விசில் ஊதுவதற்குச் சற்று முன் கோமதி தொடக்கக் கோட்டிலிருந்து என்னிடம் ஓடி வந்தாள்.

"சார், கழட்டிடறேன் சார். ஷூவுக்குள்ளயே காலு தனியா ஓடுது."

சுற்றுவட்டப் பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டி, எண்ணூறு மீட்டர். முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் மாவட்டப் போட்டிக்குப் போவார்கள். அங்கே தேறினால் விளையாட்டு விடுதியில் சேர்த்து மேலே படிக்க வைக்க அவள் அம்மா ஒப்புக்கொண்டிருந்தார். இல்லையென்றால் பத்தாவது முடித்ததும் அம்மாவோடு விருத்தாசலம் பீங்கான் கம்பெனிக்குத்தான் போகவேண்டும். பொம்மைகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் வேலை அம்மாவுக்கு.

ஷூ வந்த கதை

எங்கள் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் பெரிய மனிதர். அதாவது, எதைக் கொடுத்தாலும் போட்டோகிராபரோடு வருபவர். வெறுங்காலில் ஓடித்தான் கோமதி அதுவரை எல்லாப் பந்தயத்திலும் ஜெயித்திருந்தாள். அப்படி அவள் ஓடும் படத்தை ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்ததும் தலைவருக்கு மானம் போய்விட்டது. போட்டிக்கு முந்தைய நாள் ஷூக்கள் வந்து இறங்கின.

"வளர்ற புள்ளைங்க. ரெண்டு சைஸு பெருசாவே எடுத்துட்டேன் சார், ரொம்ப நாளைக்கு வரும்" என்றார்.

தலைமையாசிரியர் கைதட்டினார். நானும் தட்டினேன்.

போட்டியன்று புது ஷூ மாட்டக்கூடாது என்பது உடற்கல்விப் படிப்பில் முதலில் சொல்லித்தரும் சங்கதி. நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆண்டோடு எனக்கு ஓய்வு. பாராட்டு விழாவுக்குப் பந்தலும் பிரியாணியும் தலைவர் பொறுப்பு. பிரியாணி வாசனை வந்துவிட்டால் படித்த படிப்பெல்லாம் எங்கே நிற்கும்?

"ஒங்கம்மாகிட்ட சொல்லி, கம்பெனியில கொஞ்சம் வைக்கோலு வாங்கியாம்மா" என்றேன் கோமதியிடம். மறுநாள் காலை மைதானத்தில் அதை ஷூவின் முனையில் திணித்து, நானே கயிற்றை இறுக்கிக் கட்டினேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு வேறு.

ஓட்டம்

"கழட்டிடறேன் சார்" என்று அவள் கேட்டபோது தலைவர் எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"என்னா சார், பொண்ணு ஜம்முனு இருக்குது! போட்டோ ஏத்திட்டேன், குரூப்பே அல்லோலப்படுது!"

நான் கோமதியிடம், "போட்டுக்கிட்டே ஓடும்மா, சரியாயிடும்" என்றேன்.

முதல் சுற்றில் அவள்தான் முன்னால். இரண்டாவது சுற்றின் வளைவில் வைக்கோல் சுருண்டு, வலது குதிகால் வெளியே வந்தது. தடுமாறினாள். உதறிப் பார்த்தாள். நான் கட்டிய முடிச்சு விடவில்லை. குனிந்து பிய்த்து எறிந்துவிட்டு, ஒற்றை ஷூவோடு நொண்டிக்கொண்டே ஓடினாள். அதற்குள் இரண்டு பேர் தாண்டிவிட்டார்கள். மூன்றாவது.

"மூணாவதுன்னாலும் பரிசுதான சார்! ரெண்டு ஷூவையும் போட்டு நிக்கச் சொல்லுங்க, ஒரு போட்டோ எடுத்துடுவோம்" என்றார் தலைவர். அதற்கும் நான் சிரித்தேன்.

சாயங்காலம் கோமதியின் அம்மா கம்பெனியிலிருந்து நேராக ஸ்கூலுக்கு வந்தார். புடவையெல்லாம் வைக்கோல் தூசு. நடந்ததை மகள் சொல்லிவிட்டிருந்தாள். சண்டை போடுவார் என்று நினைத்தேன். பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

"வைக்கோலு கேட்டீங்கன்னு எங்கையாலதான் சார் அள்ளிக் குடுத்தேன். நாங்க வைக்கோலு சுத்தறது ஒடையாம போய்ச் சேரணும்னுதான். நீங்க எம்பொண்ணுக்குச் சுத்தி, எங்க சார் அனுப்பினீங்க?"

அவர் ஷூவை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். கோமதி இப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து பொம்மை கட்டுகிறாள்.

புதிதாக வேலைக்கு வரும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளை "கழட்டிடறேன்" என்றால் கழற்றவிடுங்கள். பக்கத்தில் யார் நிற்கிறார் என்று திரும்பிப் பார்க்காதீர்கள்.

எனக்குப் பாராட்டு விழா நன்றாகவே நடந்தது. தலைவர் போர்த்திய சால்வை அளவெடுத்தது போல் கச்சிதமாக இருந்தது.